ஈரணுவும் ஈரமும்

இலக்கிய விமர்சனம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்னும் நான்கு வேலிகளுக்குள்ளேயே நமது பார்வை சுற்றி வருகின்றது. ஆனால், ஒரு தமிழ்ப் பிள்ளை பாடசாலையில் பதின்மூன்று ஆண்டுகள் படிக்கும் தமிழிற் பெரும்பகுதி இந்நான்கினுள் எதிலும் அடங்காது. அது விஞ்ஞான நூலின் தமிழ். கணித நூலின் தமிழ். சுகாதார நூலின் தமிழ். கவிஞன் ஒருவன் ஒரு சொல்லை இடம் தவறி வைத்துவிட்டால் அதைச் சுட்டிக்காட்டப் பத்துப் பேர் எழுகின்றனர். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மனனஞ் செய்யும் ஒரு கலைச்சொல் பொருள் மயங்கி நிற்குமாயின் அதைப் பற்றி எழுத எவரும் இல்லை. கலைச்சொல்லும் மொழியின் ஆக்கமே. அதை ஆக்கியவனுக்கும் பயில்பவனுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. எனவே அதுவும் விமர்சனத்துக்கு உரியதே. இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வன மிகச் சிறிய சொற்கள் மூன்று: ஓரணு, ஈரணு, பல்லணு.

இச்சொற்களிடம் என்னை அழைத்துச் சென்றவன் ஒரு மாணவன். கொட்டாஞ்சேனையில் நான் தமிழ் கற்பிக்கும் பாடசாலையில், விஞ்ஞான ஆசிரியை வராத ஒரு நாள், பத்தாம் தர வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. பிள்ளைகள் விஞ்ஞான நூலை விரித்து வைத்திருந்தனர். ஒரு மூலக்கூற்றில் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதைக் கொண்டு மூலக்கூறுகளை வகுத்துப் பெயரிடும் பகுதி அது. நான் தமிழாசிரியன், சொல்லைத்தான் கேட்க முடியும். “ஈரணு என்றால் என்ன?” என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவரின் மகன். “ஈரமான அணு சேர். ஐதரசன் தண்ணியில இருக்குத்தானே” என்றான்.

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான், நானும் சிரித்தேன். பின்னர், “அப்படியானால் ஓரணு?” என்றேன். “ஓரத்தில இருக்கிற அணு.” “பல்லணு?” சற்றுத் தயங்கினான். “பல்லில இருக்கிறதோ சேர்?” என்றான்.

மாலையில் வெள்ளவத்தைக்குப் பேருந்தில் திரும்பியபோது அந்தச் சிரிப்பு என்னிடத்தில் அடங்கிவிட்டிருந்தது. அந்தப் பிள்ளை மூடனல்லன். மூன்று சொற்களையும் ஒரே முறையாற் பிரித்துப் பார்த்திருக்கிறான்: ஓரம், ஈரம், பல். தன்னிடம் இருந்த தமிழைக் கொண்டு புதிய சொல்லைத் திறக்க முயன்றிருக்கிறான். சொல்லைத் திறக்காமலே ஒப்புவிக்கக் கற்றுக்கொண்ட மற்றைய பிள்ளைகளைவிட அவன் ஒரு படி மேல். அவனுக்குக் கிடைக்காமற் போனது திறவுகோல். அதை ஏன் நாம் கொடுக்கவில்லை என்பதே என் கேள்வி.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஈலியம், நேயன், ஆகன் ஆகிய விழுமிய வாயுக்களின் அணுக்கள் தனித்தனியே திரிவன. ஆகவே அவை ஓரணு. ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், குளோரீன் ஆகியவற்றின் அணுக்கள் இவ்விரண்டாகப் பிணைந்து நிற்பன. ஆகவே அவை ஈரணு. ஒட்சிசனின் மூன்று அணுக்கள் பிணைந்தால் ஓசோன், அது மூவணு. வெண்பொசுபரசில் நான்கு அணுக்கள். சாதாரணக் கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கின்றன. இரண்டுக்கு மேற்பட்டவற்றையெல்லாம் பொதுவாகப் பல்லணு என்பர்.

இஃது வெறும் எண்ணிக்கை விளையாட்டன்று. இரண்டாக நிற்கும் ஒட்சிசன் நம் உயிர்மூச்சு. அதே ஒட்சிசன் மூன்றாக நின்றால், வானத்தின் உயரத்தில் சூரியனின் ஊதாக்கடந்த கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும். நிலமட்டத்தில் நம் நுரையீரலைப் புண்படுத்தும். அணு ஒன்றே, எண் மாறிற்று, குணம் மாறிற்று. காபனோடு ஓர் ஒட்சிசன் அணு சேர்ந்தால் காபனோரொட்சைட்டு. இரண்டு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு. பின்னது நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவிடுவது. முன்னது, மூடிய அறையில் கரியடுப்பு எரியும்போதும், காற்றோட்டமற்ற இடத்தில் மின்பிறப்பாக்கி ஓடும்போதும் பிறந்து, மணமும் நிறமும் காட்டாமல், குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆளைக் கொல்வது. ‘னோ’, ‘னீ’ என்னும் ஓரெழுத்து வேற்றுமையில் உயிரும் சாவும் நிற்கின்றன. அந்த எழுத்து எண்ணைக் குறிக்கிறது என்று அறியாத பிள்ளைக்கு அவ்விரண்டும் ஒரே நீண்ட ஓசை.

பெயர் தெளிவாக இல்லாவிடில் அறிவு எவ்வளவு தேங்கும் என்பதற்கு இரசாயனத்தின் வரலாறே சான்று. இரண்டு பங்கு ஐதரசனும் ஒரு பங்கு ஒட்சிசனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி உண்டாகின்றது. ஒட்சிசன் வாயு தனித்தனி அணுக்களாக இருக்குமாயின், ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு நீராவி பெற ஒவ்வோர் அணுவும் இரண்டாகப் பிளக்க வேண்டும். அணு பிளவாதே என்று அக்கால அறிஞர் திகைத்தனர். 1811ஆம் ஆண்டில் இத்தாலியரான அவகாதரோ இதற்கு விடை கூறினார்: வாயுவின் துகள் வேறு, அணு வேறு, ஒட்சிசனின் துகள் இரண்டாகப் பிரியக்கூடியது. ஆனால் ஒரே இனத்து அணுக்கள் தம்முள் பிணையா என்பது டாற்றனின் கொள்கை. அத்துடன் துகளுக்கும் அணுவுக்கும் வெவ்வேறான, எல்லோரும் ஏற்ற பெயர்களும் அக்காலத்தில் இல்லை. அவகாதரோ தாமே அடைமொழி சேர்த்து ஒரே சொல்லைப் பல பொருளில் வழங்கினார். அரை நூற்றாண்டு குழப்பத்திற் கழிந்தது. 1856இல் அவர் மறைந்தார். 1858இல் கனிசாரோ அக்கருத்தைத் தெளிவுற எழுதி, 1860இல் கார்ள்சுரூவே நகரத்து மாநாட்டில் உலகின் இரசாயன அறிஞர்முன் வைத்த பின்னரே அணு, மூலக்கூறு என்னும் வேற்றுமை நிலைபெற்றது. ஐரோப்பாவின் மேதைகளையே ஐம்பது ஆண்டுகள் அலைக்கழித்த வேற்றுமையைத்தான், நாம் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில், மூன்று சொற்களில், விளக்கமின்றி ஒப்படைக்கின்றோம்.

இனி, தமிழில் இச்சொற்களின் பின்னணியை நோக்குவோம். இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. தமிழில் நவீன விஞ்ஞானத்தை எழுதும் முயற்சி நம் நாட்டில் மிகப் பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்களைக் கொண்டும் தாமாகவும் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடு. இல்லையேல் வடமொழியைப் பார். அதுவும் இல்லையேல் ஆங்கில ஒலியைத் தமிழுக்கு இசைய எழுது என்பது அவர் கைக்கொண்ட நெறி. ‘கெமிஸ்தம்’ என்னும் தலைப்பே மூன்றாம் வழியின் விளைவு. இன்று அச்சொல் நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் மருத்துவம் பயிலத் தமிழ் போதும் என்று செய்து காட்டிய துணிவை நாம் வேடிக்கை பார்க்க முடியாது.

1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் விஞ்ஞானச் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் நிறுவினர். அதே ஆண்டில் கொழும்பில் ஓர் இளைஞர் இரண்டு வாயில்களை ஒருங்கே கடந்தார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா; மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்னும் அவ்விளைஞரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். யாழ்ப்பாணத்திற் பாடசாலை மாணவர்க்கு இரசாயனம் கற்பித்தவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானவர். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. நன்னூலும் இரசாயனமும் ஒரே தலைக்குள் வாழ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இன்றோ அவ்விரண்டும் ஒரே பாடசாலையின் இரண்டு வகுப்பறைகளில், ஒன்றின் முகம் ஒன்று பாராமல் வாழ்கின்றன.

தாய்மொழிக் கல்வி இலங்கையில் வேரூன்றியபோது, அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நம் பிள்ளைகள் பயிலும் மூலகம், சேர்வை, வலுவளவு, ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்பனவெல்லாம் அந்த மரபின் செல்வங்களே. தமிழ்நாட்டில் இவற்றைத் தனிமம், சேர்மம், இணைதிறன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு என்பர். இரு கரைகளிலும் இரு வழக்குகள் இருப்பதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. ஆனால் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தமிழ்நாட்டார் எண்ணையும் கிரேக்கத்திலேயே விட்டுவிட்டனர். ‘டை’ என்பது இரண்டு என்று பிள்ளைக்குத் தனியே சொல்ல வேண்டும். நம்மவரோ மூலகத்தின் பெயரை ஒலிபெயர்த்தாலும் எண்ணைத் தமிழாக்கினர். ஓரொட்சைட்டு, ஈரொட்சைட்டு, மூவொட்சைட்டு, நாற்குளோரைட்டு, ஐங்குளோரைட்டு. பெயர் உலகுக்குப் பொது. எண் நமது வீட்டுச் சொத்து. சந்தையிற் காய்கறி வாங்கும் தாயும் ஒன்று, இரண்டு, மூன்று அறிவாள். இது சிறந்த சொல்லாக்கம் என்று தயங்காமற் கூறலாம். ஓரணு, ஈரணு, மூவணு என்பனவும் இந்தச் சிறப்புக்கு உரியவையே.

வடமொழி வழியிற் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வைசேடிக தரிசனத்தில் துவியணுகம், திரியணுகம் என்னும் சொற்கள் உண்டு. முன்னது இரண்டு அணுக்களின் கூட்டு. பின்னதோ மூன்று அணுக்களின் கூட்டன்று. மூன்று துவியணுகங்களின் கூட்டு. அதாவது ஆறு அணுக்கள். பலகணி வழியே வரும் வெயிலில் மிதக்கும் துகள் அது என்பர். பழைய சொல் இருக்கிறதே என்று அப்படியே எடுத்து ஓசோனுக்குச் சூட்டியிருந்தால் கணக்கே பிழைத்திருக்கும். நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். முன்னோரின் சிந்தனைக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. அதை இன்றைய இரசாயனத்தின் மேல் ஒட்டினால் இரண்டுக்கும் அவமதிப்பு.

நம் நாட்டிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. சிங்களத்தில் அணு எனப்படுவது மூலக்கூறு. நாம் அணு என்பதை அவர்கள் பரமாணு என்பர். ஆகவே நாம் ஈரணு மூலக்கூறு என்பதை அவர்கள் துவிபரமாணு அணு என்ற முறையிற் கூறுவர். ஒரே பாடவிதானம், ஒரே வினாத்தாள், ஒரே கொழும்பு; பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவர் ‘அணு’ என்று ஒரே ஒலியை எழுப்பி இருவேறு பொருளைக் கருதுகின்றனர். இதனால் எவர் தமிழும் எவர் சிங்களமும் பிழையென்று ஆகாது. சொல் என்பது இயற்கையில் விளைந்ததன்று, மனிதர் கூடி ஒப்புக்கொண்டது என்ற உண்மையை வகுப்பில் எடுத்துக்காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? அயலவன் மொழியை மதிக்கவும் அது வழிகாட்டும்.

இனிக் குறைகளைக் கூறவேண்டும். சொல்லாக்கம் நன்று என்றேன். அதை எழுதும் முறை நன்றன்று. ஈரணுவை ஈரமான அணு என்று கொண்ட மாணவனுக்கு இலக்கணம் என்ன விடை கூறும்? ஈரம் என்னும் சொல் அணு என்பதோடு புணர்ந்தால் ஈற்று மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றி ‘ஈரவணு’ என்றாகும். மரம், அடி என்பன மரவடி ஆவதுபோல. ‘ஈரணு’ என்று நின்றால் அது இரண்டு என்னும் எண்ணின் திரிபாகிய ‘ஈர்’ என்பதே. அவ்வாறே ஓரம் ‘ஓரவணு’ என்றாகும். ‘ஓரணு’ என்பது ஒன்று என்பதன் திரிபு. ஆக, இரண்டு சொற்களை இலக்கணம் காப்பாற்றிவிடுகின்றது. மூன்றாவதை அது காப்பாற்றவில்லை. வாயிலுள்ள பல்லும் பல என்பதன் குறுக்கமாகிய பல்லும் அணுவோடு சேர்ந்தால் ஒரே வடிவந்தான். பல்லாண்டு என்பதை எவரும் பல்லின் ஆண்டு என்று கொள்வதில்லை. காரணம், அது பழகிய சொல். பல்லணு பழகவில்லை. பழக்க வேண்டியது நமது கடமை.

ஆனால், ஈரணுவைக் காப்பாற்றிய அதே விதி இன்னோரிடத்தில் காலை வாரிவிடுகின்றது. கந்தகம், ஈரொட்சைட்டு என்னும் இரண்டும் புணர்ந்தால் ‘கந்தகவீரொட்சைட்டு’. நம் நூல்களில் அப்படித்தான் ஒரே மூச்சாக அச்சிடப்படுகின்றது. இதை வாசிக்கும் பிள்ளையின் கண்ணிற் படுவது ‘வீரம்’. எண் எங்கே? உடம்படுமெய்யின் கீழ்ப் புதைந்துவிட்டது. சொல்லாக்கியவர் அரும்பாடுபட்டுத் தமிழாக்கிய எண்ணை, அச்சுக் கோத்தவர் மீண்டும் மறைத்துவிட்டார். புணர்ச்சி தமிழின் உயிர் என்று பண்டிதர் கூறுவர். நானும் அந்தக் கல்வியில் வளர்ந்தவனே. ஆயினும், உரையாசிரியர்கள் செய்யுளைப் பதம் பிரித்துத்தானே நமக்குப் பொருள் தந்தனர்? 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களையே சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். அதனால் சங்க இலக்கியம் தேய்ந்துவிடவில்லை, வாசகர் தொகை வளர்ந்தது. எட்டுத்தொகைக்குப் பொருந்தியது ஈரொட்சைட்டுக்குப் பொருந்தாதா? ‘கந்தக ஈரொட்சைட்டு’ என்று இடம் விட்டு எழுதினால் எண் தலைநிமிர்ந்து நிற்கும்.

தமிழ்நாட்டு நூல்களிலிருந்து நாம் கற்கவேண்டியதும் உண்டு. மூலக்கூற்றில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை அங்கே ‘அணுக்கட்டு எண்’ என்பர். விறகுக் கட்டு, வெற்றிலைக் கட்டு என்று உழைப்பவர் வாயில் வழங்கும் சொல்லை இரசாயனத்துக்குக் கொணர்ந்தமை பாராட்டத்தக்கது. எதனோடும் கட்டுறாமல் தனித்துத் திரியும் ஆகனுக்கு அணுக்கட்டு எண் ஒன்று என்று சொல்லும்போது மட்டும், ஒற்றை விறகைக் கட்டென்று சொல்லுவதுபோல ஒரு நெருடல் தோன்றுகின்றது. 1894இல் றேலியும் இராம்சேயும் அவ்வாயுவைக் கண்டபோது, அது எதனோடும் சேராமையால் சோம்பேறி என்னும் பொருள்படக் கிரேக்கத்தில் பெயரிட்டனர். அது ஓரணு என்பதை அவர்கள் அணுவைக் கண்ணாற் கண்டு அறியவில்லை. அமுக்கம் மாறாதபோதும் கனவளவு மாறாதபோதும் வாயு ஏற்கும் வெப்பங்களின் விகிதம் ஏறத்தாழ 1.67 என்று கண்டு உய்த்துணர்ந்தனர். ஈரணு வாயுக்களுக்கு அது ஏறத்தாழ 1.40. இந்தக் கதையை ஓரணு என்னும் சொல்லோடு சேர்த்துச் சொன்னால், எந்தப் பிள்ளை அதை ஓரத்தில் உள்ள அணு என்று நினைக்கும்?

இவ்விடத்தில் ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். “இவ்வளவு தொல்லை எதற்கு? பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்திற்றானே? ‘டையற்றோமிக்’ என்று இப்போதே படித்துவிட்டாற் போயிற்று!” இந்தக் குரல் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 2001 முதல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் இடம்பெறத் தொடங்கியது. வெள்ளவத்தையில் காலி வீதியின் இருமருங்கும் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். தனியார் வகுப்புக்களின் விளம்பரப் பலகைகளின் கீழ் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நிரையாகச் செல்வர். அவர்களுக்குத் தமிழ்ச் சொல் விளங்காவிட்டால் ஆங்கில வகுப்பு உண்டு. அதுவும் விளங்காவிட்டால் வீட்டுக்கு வரும் ஆசிரியர் உண்டு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு இலவசப் பாடநூல் ஒன்றுதான் உண்டு. அந்நூலின் சொல் திறக்காவிட்டால் அவனுக்கு வேறு கதவு இல்லை.

நான் ஆங்கிலத்துக்குப் பகைவன் அல்லன். உயர்கல்விக்கும் உலக அறிவுக்கும் அது வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்றாகக் கற்பிக்கப்படவும் வேண்டும். ஆனால் பல்கலைக்கழக வாயிலைத் தாண்டுவோர் சிலரே. தாண்டாத பலரும் கரியடுப்பின் அருகில் உறங்குவர், மின்பிறப்பாக்கி இயக்குவர், இரசாயனப் பொருள் ஏற்றிய பீப்பாய்களைத் துறைமுகத்திற் கையாள்வர். அவர்களுக்கு விஞ்ஞானம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. எண்ணைத் தன் தாய்மொழியிற் கேட்டு உணர்ந்த பிள்ளைக்கு ‘டை’ என்பது இரண்டு, ‘றை’ என்பது மூன்று என்று பின்னர்ச் சொல்லிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. உணராமலே ஆங்கில ஒலியைப் பற்றிக்கொண்டவனுக்கு இரு மொழியிலும் இருள்தான். ‘ஈரணு’ விளங்காத பிள்ளைக்கு ‘டையற்றோமிக்’ விளங்கும் என்பது, படி ஏற முடியாதவனை மாடியிலிருந்து கைதட்டி அழைப்பதை ஒக்கும்.

ஆகவே, குறை சொல்லிவிட்டு ஒதுங்காமல், செய்யக்கூடியவற்றைச் சொல்லுவோம். முதலாவது, எண் அமைந்த இரசாயனப் பெயர்களை இடம் விட்டுப் பிரித்து அச்சிட வேண்டும். இரண்டாவது, ஓரணு, ஈரணு போன்ற சொல் முதன்முதல் வரும் இடத்தில், ‘ஈர் என்பது இரண்டு’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு வரியின் மை பெரிய செலவன்று. மூன்றாவது, பல்லணு என்பதற்கு அருகே, மூன்றுக்கு மூவணு, நான்குக்கு நான்கணு, எட்டுக்கு எட்டணு என்று உரிய எண்ணையும் கூறவேண்டும். ‘பல’ என்னும் சொல் எண்ணத் தெரிந்தவனையும் எண்ணாமல் இருக்கச் செய்துவிடும்.

நான்காவது, தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு உரியது, இதுவே முதன்மையானது. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியை நாங்கள் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். ஈராயிரம், முந்நூறு, நாற்படை, ஐம்பொறி, அறுசுவை, எண்டிசை என்று எடுத்துக்காட்டுகள் அடுக்குகின்றோம். அப்பட்டியலில் ஈரணுவையும் நாற்குளோரைட்டையும் சேர்க்க எங்களை எந்தச் சூத்திரம் தடுத்தது? ‘இரண்டாகிய அணு’ என்னும்போது ஈரணு பண்புத்தொகை. ‘இரண்டு அணுக்களை உடைய மூலக்கூறு’ என்று பொருள் தந்து தனியே நின்றால் அன்மொழித்தொகை. பொற்றொடி வந்தாள் என்று பரீட்சைக்காகக் காலமெல்லாம் ஒப்புவித்த அன்மொழித்தொகை, வகுப்பறைக் காற்றிலேயே உயிரோடு மிதந்துகொண்டிருக்கின்றது. அதை நாங்கள் காட்டவில்லை. விஞ்ஞான ஆசிரியை சொல்லை விளக்குவது தமிழாசிரியனின் வேலை என்று நினைத்தார்; தமிழாசிரியன் அது விஞ்ஞானத்தின் சொல் என்று நினைத்தான். இருவருக்கும் நடுவே அந்தப் பிள்ளை விழுந்தான். நூலை ஆக்கியவர்மேல் குற்றம் சுமத்துமுன், இந்தப் பங்கை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுவாரம் என் தமிழ்ப் பாடவேளையில் புணர்ச்சிப் பயிற்சியைக் கரும்பலகையில் எழுதினேன். ஈர் என்பதன் கீழே ஈராண்டு, ஈருருளி, ஈரணு. ஓர் என்பதன் கீழே ஓராண்டு, ஓரணு. பல் என்பதன் கீழே பல்லாண்டு, பல்லணு. பின்வரிசை மாணவன் சிறிது நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப காபனீரொட்சைட்டிலயும் இருக்கிறது இந்த ஈர்தானா சேர்?” என்று கேட்டான். நான் அவனிடம் காபனீரொட்சைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒரு சொல்லுக்குக் கொடுத்த திறவுகோலை அவனே இன்னொரு பூட்டில் இட்டுப் பார்த்தான், அது திறந்தது. பின்னர் வகுப்பே தன் விஞ்ஞான நூலைப் புரட்டி எண்களைத் தேடத் தொடங்கியது. அன்று இலக்கணப் பாடத்தில் எவரும் கொட்டாவி விடவில்லை.

மொழி வளர்ச்சி என்று மேடைகளில் நாம் முழங்குகின்றோம். புதிய சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு மொழியின் வளர்ச்சியை அளந்துவிட முடியாது. ஆக்கிய சொல் பின்வரிசைப் பிள்ளையின் கைக்குச் சென்று அவன் அதைக்கொண்டு அடுத்த சொல்லைத் திறந்தானா என்பதே அளவுகோல். விபுலாநந்தர் போன்றோர் சொல்லை ஆக்கித் தந்தனர். அதைப் பிள்ளையின் கையில் வைப்பது நம் தலைமுறையின் வேலை. அது இன்னும் முடியவில்லை.